தலையில் தேய்த்து வைத்த விரல்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் சித்தி முப்பது ஆண்டுகளாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. அதை எடுக்க, பஸ் ஏறி வங்கிக்குப் போகாமல், ஊரிலேயே இருக்கும் வங்கி முகவரிடம் போவார். ஒரு முறை நானும் உடன் போயிருந்தேன். கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. “அம்மா, விரலைத் தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள்” என்றார் முகவர். சித்தி முந்தானையை விலக்கி, எண்ணெய் வைத்த தலையில் விரலை நன்றாகத் தேய்த்து, மீண்டும் வைத்தார். திரையில் மறுபடியும் 300 என்ற பிழை எண். ஆதார் அமைப்பின் மொழியில் அதற்குப் பொருள், ரேகை பொருந்தவில்லை என்பது. அவருக்குப் பின்னால் நின்ற மளிகைக்கடைக்காரரின் மனைவி விரலை ஒரே ஒரு தடவை வைத்தார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தலையில் தேய்ப்பது வெறும் நம்பிக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். அது அசலான அறிவியல். நம் உடலின் பெரும்பகுதித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் அவை கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே. விரல் நுனியில் இருக்கும் எண்ணெய்ப் பசை முழுவதும் முகத்தையும் தலையையும் தொட்டு வாங்கிய கடன்.

அந்தப் பசை ஏன் வேண்டும்? முகவர்களிடம் உள்ள கருவிகளில் பல, ஒளியைக் கொண்டு ரேகையைப் படிப்பவை. கண்ணாடிப் பட்டகம் ஒன்றின் மேல் விரல் அழுந்துகிறது. உள்ளிருந்து சாய்வாக ஒளி வருகிறது. ரேகையை வயல் வரப்பு என்றும், இரண்டு ரேகைகளுக்கு இடையிலான பள்ளத்தை வாய்க்கால் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் இருக்கும் இடத்தில் கண்ணாடிக்கு மேலே காற்றுதான் இருக்கிறது. அங்கே ஒளி முழுவதுமாக எதிரொளித்துத் திரும்புகிறது, படத்தில் வெளுப்பாகத் தெரிகிறது. வரப்பு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் நுழைந்துவிடுகிறது, படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. இந்தத் தொடுகை கெட்டியாக அமைவதற்குச் சிறிதளவு ஈரமோ எண்ணெயோ வேண்டும். காய்ந்த விரலில், கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளிகள் வரப்பைத் துண்டு துண்டாக்கிவிடும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸில் கையை விட்டு மீன் அள்ளும் பெண்ணுக்குத் தொல்லை வேறு மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும்.

கருவி ரேகையின் மொத்த உருவத்தைப் பார்ப்பதோடு, வரப்பு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புகள் பூட்டிய வடிவில் வங்கி வழியாக, வங்கிகளை இணைக்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வழியாக, ஆதார் ஆணையத்தின் தரவு மையத்துக்குப் போகின்றன. அங்கே நூற்று முப்பது கோடிப் பேருக்கு நடுவில் யாரும் சித்தியைத் தேடுவதில்லை. அவர் சொன்ன 12 இலக்க எண்ணுக்கு நேராக ஏற்கெனவே இருக்கும் பத்து விரல்களோடு மட்டும் ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிறது. துண்டுபட்ட வரப்பில் ஒவ்வொரு துண்டும் ஒரு பொய் முடிவுப் புள்ளி. சித்தியின் விரல் அனுப்பும் படத்தில் இல்லாத முடிவுகள் நிறைய இருக்கும், இருக்க வேண்டியவை காணாமல் போயிருக்கும்.

அவருடைய விரல் அப்படி ஆனதற்குக் காரணம் முந்திரி ஓட்டில் இருக்கிறது. ஓட்டின் இரு அடுக்குகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகளில் கருஞ்சிவப்பு எண்ணெய் ஒன்று தேங்கியிருக்கிறது. அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகியவை அதன் முதன்மைப் பொருள்கள். நீண்ட கொழுப்பு வால் கொண்ட மூலக்கூறுகள் என்பதால் தோலின் கொழுப்புப் படலத்துக்குள் சுலபமாக இறங்கி, அரித்து, கொப்புளம் எழுப்பும். வெளுக்கும் துணிக்கு அடையாளக் குறி போட ஒரு காலத்தில் பயன்பட்ட சேராங்கொட்டையும், சாப்பிடும்போது உதட்டைப் புண்ணாக்கும் மாங்காய்ப் பாலும் இதே குடும்பம்தான். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் தாவரவியலில் பங்காளிகள். இந்த எண்ணெய்க்குப் பயந்து பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். சாம்பல் எண்ணெயை உறிஞ்சிக் காப்பாற்றுகிறது, உண்மை. தோலில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பசையையும் அதுவே உறிஞ்சிவிடுகிறது. வயது ஏற ஏறத் தோல் தளர்ந்து வரப்புகள் தாழ்வதும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் ரேகை அழிந்துவிடவில்லை. கருவில் மூன்றாம் மாதத்திலிருந்து, மேல்தோலின் அடிப்பகுதியில் ரேகையின் அச்சு உருவாகிறது. மரபணு மட்டுமல்லாமல், கருப்பையில் அந்தச் சின்ன விரல் பட்ட அழுத்தமும் அதை வடிவமைக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கும் ரேகை வேறாக இருப்பது இதனால்தான். மேலே தேய்ந்தாலும் அடியில் இருக்கும் அச்சிலிருந்து அதே வடிவம் வளர்ந்து வரும். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆயிரம் ரூபாயை எடுப்பதற்காக ஒரு மாதக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார யாரால் முடியும்?

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரே விரலை இரண்டு முறை வைத்தாலும் இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதனால் கணினி ஒற்றுமைக்கு மதிப்பெண் போடுகிறது. ஒரு கோட்டுக்கு மேல் வந்தால் ஆம், கீழே வந்தால் இல்லை. கோட்டைத் தாழ்த்தினால் அயலார் நுழைய இடம் உண்டாகும். நிலப்பத்திரத்தில் பதிந்த ரேகையிலிருந்து சிலிகான் விரல் செய்து ஏழைகளின் பணத்தைத் திருடிய மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. கோட்டை உயர்த்தினால் சித்தி வெளியே நிற்பார். கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள்.

2018இல் ஆதார் வழக்கு நடந்தபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு 88 விழுக்காடு வெற்றி பெறுகிறது என்று ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். மீதி 12 விழுக்காடு தோல்வி. அந்தத் தோல்வி எல்லாருக்கும் சமமாக, தற்செயலாக நேர்வது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை வைத்தும் தோற்பவர் ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. “இன்னொரு தடவை வையுங்கள்” என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். தோல்வி ஆளைப் பிடித்துக்கொண்டதென்றால் இந்தக் கணக்கு செல்லாது. நூறு பேரில் குறிப்பிட்ட சிலர் பத்து முறை வைத்தாலும் தோற்பார்கள். குரலால் ஆளை அடையாளம் காணும் கணினிகளை ஆராய்ந்த ஜார்ஜ் டாடிங்டனும் அவருடைய குழுவினரும் 1998இலேயே இதைக் காட்டினார்கள். கணினிக்குப் பெரும்பாலோர் சாதுவான செம்மறிகள். ஒரு சிலர் மட்டும் எப்போதும் அடங்காத வெள்ளாடுகள். மொத்தத் தோல்வியில் பெரும்பங்கு அந்தச் சிலரிடமிருந்தே வருகிறது. கைரேகையில் யார் வெள்ளாடு? கொட்டை உடைப்பவர், உப்பளத்தில் நிற்பவர், செங்கல் அறுப்பவர், முதியவர். ஜிப்மரில் கேப்சிடாபின் என்ற புற்றுநோய் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவருக்கும் விரல் தோல் உரிந்து ரேகை மங்கக்கூடும். சராசரி எண் இவர்களை மறைத்துவிடுகிறது. யாருக்கு அந்தப் பணம் மிகவும் தேவையோ, அவர்களே இந்தப் பட்டியலில் நிறைந்திருப்பது எனக்கு ஆறவே இல்லை.

இந்தப் பகுதிக்கு வங்கிக் கணக்கு நேற்று வந்ததல்ல. புதுச்சேரியை அடுத்த மங்கலம் கிராமத்தில் 2005இலேயே எல்லாக் குடும்பத்துக்கும் இந்தியன் வங்கி கணக்குத் தொடங்கிக் கொடுத்தது. நாட்டிலேயே அப்படி அமைந்த முதல் ஊர் அது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தது. 2015இல் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணமே கணக்கில் விழத் தொடங்கியது. அரிசியே கணக்கு வழியாக வந்தால், பணத்தை எடுக்க முடியாதவருக்கு உலையில் போட ஒன்றும் இல்லை.

வழிகள் இருக்கின்றன, அவற்றை முகவர்களே பல இடங்களில் சொல்வதில்லை. பாஸ்புத்தகத்தோடு கிளைக்கே போய், பணம் எடுக்கும் சீட்டில் பெருவிரலை மையில் ஒற்றிப் பணம் வாங்கலாம். முகத்தைப் பார்த்து மனிதர் முடிவு செய்யும் பழைய முறை அது, இன்றும் செல்லும். கருவிழி, முகம் ஆகியவற்றைக் கொண்டு சரிபார்க்கவும் ஆதார் அமைப்பு இடம் தருகிறது. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், ஆனால் கொட்டை உடைக்கும் பருவம் முடிந்து தோல் தேறிய பிறகு போக வேண்டும். இல்லையென்றால் தேய்ந்த விரலே ஆதாரில் பதிந்துவிடும். இவற்றைவிட எளிது இன்னொன்று. பத்து விரல்களில் எது வேண்டுமானாலும் செல்லும்.

அன்று முகவரிடம் அதைத்தான் கேட்டேன், ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கலாமா என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. சித்தி இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொட்டையைப் பிடிக்கிறார். வலது கையால் கட்டையை ஓங்குகிறார், அதே கை விரல்களால் பருப்பை நிமிண்டி எடுக்கிறார். எண்ணெய் அதிகம் படாமல் தப்பிய விரல்களில் ஒன்று வலது சுண்டுவிரல். எட்டாவதாக அதை வைத்தபோது கருவி ஏற்றுக்கொண்டது. ரூபாய்த் தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போனார். அங்கே நாலு பெண்கள் சாம்பல் கையோடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வலது சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார்.