மூன்றே நாளில் பல்லா, ஆறு மாதமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் ஆடுகின்றன. பாலக்காட்டு டாக்டர் இம்பிளான்ட் (தாடை எலும்பில் இறக்கும் திருகு) வைத்து ஆறு மாதம் கழித்துப் பல் கட்டலாம் என்கிறார். வாளையார் தாண்டி கோயம்புத்தூர் போனால் மூன்றே நாளில் என்கிறார்கள். யார் சொல்வது சரி? (மேல்பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று பாட்டி வேறு பயமுறுத்துகிறாராம். போகாது. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.)

இருவரும் சரியாக இருக்கலாம். தாடையில் நாலு முதல் ஆறு டைட்டானியம் திருகுகளை இறக்கி, மேலே முழு வரிசையைப் பூட்டுவார்கள். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்பதை முயல்களில் கண்ட சுவீடன் மருத்துவர் பிரானமார்க், 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதை வைத்தார். மேல்தாடையின் பின்பக்கம் சைனஸ் (மூக்கை ஒட்டிய காற்றறை) இறங்கி எலும்பு குறைந்திருந்தால், ஸ்கேன் பார்த்துக் கடைசித் திருகுகளைச் சாய்த்து இறக்குவதுண்டு.

முதல் நாள் இருப்பது வெறும் திருகுப் பிடிதான். முறுக்கும்போது சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசை தாங்கினால்தான் பலரும் உடனே பல் பூட்டத் துணிவார்கள். கீழ்த்தாடையின் முன்பக்கம் தேக்கு என்றால், மேல்தாடையின் பின்பக்கம் முருங்கைக் கட்டை.

இனிதான் வேடிக்கை. அந்தப் பிடி நாளாக ஆக இறுகாது, முதலில் தளரும்! திருகு நெருக்கிய பழைய எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்தெடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் பின்னாலேயே கட்டி வருகின்றன, ஆனால் மெதுவாக. பழைய பிடி போய்ப் புதுப்பிடி வராத இடைவெளி மூன்று, நான்காம் வாரவாக்கில் வரும். வலி நின்றிருக்கும், அப்பா முறுக்கு கேட்பார். கொடுக்காதீர்கள். அப்போது திருகு சுமார் 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) மேல் அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் அந்தத் திருகு நிற்காது.

மூன்று நாள் பல் பிழைப்பது எப்படி? எல்லாத் திருகுகளையும் ஒரே வளைவாகப் பிணைப்பதால் ஒன்றை மற்றது அசையவிடாது. அதுவும் தற்காலிகப் பல்தான்.

கட்டுப்படாத சர்க்கரையும் பீடியும் இந்தக் கட்டுமானத்தைக் கெடுக்கும். நம் ஊர் சர்க்கரை நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கலாம், விளம்பரப் பலகைகளை நம்பி முடிவெடுக்கும் நிலையாவது குறையும்.

ஆக, கோயம்புத்தூரில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திருகு இறுகவில்லை என்றால் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? ‘கழற்றி மாட்டும் செட்டைக் கொடுத்துக் காத்திருப்போம்’ என்றால், தைரியமாகப் போகலாம்.