பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்னு வந்தா தமிழ்ல பெரும்பாலும் நிகழ்த்துகலைன்னு போட்டுடுறாங்க, எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. நிகழ்த்துகலைன்னதும் கண்ணு முன்னாடி வர்றது தெருக்கூத்து, கரகம், பறையாட்டம். அதெல்லாம் வருஷக்கணக்கா அடவு பழகி, ஊர் ஊரா திரும்பத் திரும்ப ஆடுறது. பெர்ஃபாமன்ஸ் ஆர்ட் வேற. இங்க கலைஞர் இன்னொருத்தரா நடிக்கிறதில்ல, தன் உடம்பு, அந்த இடம், அந்த நேரம், அவ்ளோதான், பல சமயம் ஒரே ஒரு தடவைதான் நடக்கும்.

பெர்ஃபார்ம்ல ஃபார்ம் இருக்கறதால வடிவம்னு நினைக்கத் தோணும், ஆனா அது பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. மூலம் பழைய பிரெஞ்சு பர்ஃபோர்னிர், ஒரு வேலைய முழுசா முடிக்கிறதுன்னு அர்த்தம். தமிழ்ல வேர் நிகழ். 1959ல நியூயார்க்ல ஆலன் காப்ரோங்கற கலைஞர் பண்ணினதுக்கு ஹேப்பனிங்னுதான் பேரு வச்சார், அது நம்ம நிகழ்வேதான். நிகழ் தன்வினை, தானா நடக்கறது; நிகழ்த்து பிறவினை, ஒருத்தர் நடத்தறது. இந்த 'த்து' எவ்ளோ பெரிய வித்தியாசம்னு லண்டன்ல ஒரு கட்டடத்த வச்சே சொல்லலாம்.

கிழக்கு லண்டன் பாப்லர்ல பால்ஃப்ரன் டவர். எர்னோ கோல்ட்ஃபிங்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் வரைஞ்சது, 1967ல முடிஞ்சது. எஸ்டேட்னு சொல்வாங்க, நம்ம காதுக்கு அது தேயிலைத் தோட்டம், அங்க அது ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி. லிஃப்டுக்குத் தனி கோபுரம், 3 மாடிக்கு ஒரு பாலம் வழியா வீட்டுப் பக்கம் போகணும். 1968ல கோல்ட்ஃபிங்கரே மனைவியோட அங்க 2 மாசம் குடியிருந்து, மத்த வீட்டுக்காரங்கள விருந்துக்குக் கூப்பிட்டு குறை நிறை கேட்டிருக்கார்.

2010ல சைமன் டெரில்ங்கற ஆஸ்திரேலியக் கலைஞர், அவரும் அந்த டவர்லதான் இருந்தார், குடியிருக்கறவங்களையே கூப்பிட்டு, இருட்டுற நேரம் கட்டடம் பூரா ஃப்ளட்லைட் அடிச்சு, அவங்கவங்க பால்கனில அவங்க இஷ்டத்துக்கு நிக்கவிட்டு போட்டோ எடுத்தார். அந்தப் படத்த தள்ளி நின்னு பாத்தா வெறும் கான்கிரீட் கட்டம், கிட்டப் போனாதான் ஆளுங்க தெரியுறாங்க, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாம. யாரும் வேஷம் போடல, அவங்க வீடு, அவங்க பால்கனி, அவங்களே. இத எப்படி 'நிகழ்த்தினார்'னு எழுதறது? அங்க இருந்தவங்களாலதான் அது நிகழ்ந்துச்சு.

2014ல கேத்தரின் யாஸ்ங்கற கலைஞர் சத்தம் எப்படிப் பரவுதுன்னு பாக்க அதே டவர் மேலருந்து ஒரு பியானோவ கீழ போடறதா இருந்துச்சு. அப்போ புதுப்பிக்கிறோம்னு குடித்தனக்காரங்கள ஒவ்வொருத்தரா காலி பண்ண வச்சிட்டிருந்த நேரம், வீடுகள அப்புறம் தனியாருக்குத்தான் விலைக்கு விட்டாங்க. பெட்டி கட்டிட்டிருக்கவன் தலைக்கு மேல பியானோ உடைச்சா அவனுக்கு எப்படி இருக்கும்? எதிர்த்து மனுவுல கையெழுத்து வாங்கினாங்க, அந்த பியானோ திட்டத்தக் கைவிட்டுட்டாங்க. அந்த மனு நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதனால கூத்துக்கும் கரகத்துக்கும் நிகழ்த்துகலை இருக்கட்டும், பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்டுக்கு நான் நிகழ்வுக்கலைன்னு எழுதறேன். பியானோவும் அதே கலைதான், பேரு மாறாது, ஆனா அதப் பத்தி எழுதுறப்ப 'நிகழ்த்த இருந்தார்', பால்கனிப் படத்துக்கு 'நிகழ்ந்தது'.