கிளினிக் தேதி தவறினால் என்ன ஆகும்? மனச்சோர்வு மருந்தின் நாள் கணக்கு

நுவரெலியா, பதுளைப் பக்கம் மனநலக் கிளினிக்குக்குப் போய்வருபவரின் கொப்பியில் அடிக்கடி காணும் பெயர்கள் மூன்று: புளூஒக்செட்டின், செர்ட்ரலின், அமிட்ரிப்டிலின். பக்கத்தில் ‘மானே’ என்றிருந்தால் காலையில் போட வேண்டும், ‘நொக்டே’ என்றிருந்தால் இரவில். 1/12 என்பது ஒரு மாதத்துக்கான மருந்து. 2/52 என்பது இரண்டு வாரத்துக்கு. 1/12ஐப் பார்த்துவிட்டு ஒரு குளிசையைப் பன்னிரண்டாக உடைக்கச் சொல்கிறார்களோ என்று யாரும் குழம்ப வேண்டாம்.

முதல் இரண்டு மருந்துகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்துக்குச் சேதி சொல்ல செரட்டோனின் என்ற பொருளை வெளியே விடுகிறது. வேலை முடிந்ததும் அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் அந்த வாசலை மருந்து அடைக்கிறது. முதல் குளிசை போட்ட சில மணி நேரத்திலேயே வாசல் அடைபட்டுவிடும். ஆனால் மனம் தெளிய 2 முதல் 4 வாரம், முழுப்பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூடப் பிடிக்கும். கூடிய செரட்டோனினுக்கு ஏற்ப நரம்புக்கலங்கள் தங்களை மாற்றிக்கொள்ளும் வேலை மெதுவாக நடப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. “செரட்டோனின் குறைந்ததால் வந்த வருத்தம், அதை நிரப்பினால் சரி” என்ற விளக்கம் கேட்கச் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். அது நிரூபணமானதல்ல.

பக்கவிளைவுகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில். அதனால் முதல் வாரத்திலேயே குமட்டல், வயிற்றோட்டம், தலைவலி, கை நடுக்கம், தூக்கக் குறைவு வரலாம். நோய் அப்படியே இருக்க, தொல்லை மட்டும் கூடியது போலத் தோன்றும்; மருந்தைப் பாதியில் விடுபவர்கள் பலர் விடுவது இந்தக் கட்டத்தில்தான். விடியற்காலையில் வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு குளிசையை விழுங்கிவிட்டுப் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடுபவருக்குக் குமட்டல் அதிகமாக இருக்கும். ரொட்டி ஒன்றாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறையும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பாலுறவில் நாட்டக் குறைவு மட்டும் தானாகப் போவது அரிது. கணவனும் மனைவியும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விசயம் இது. வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம்.

அமிட்ரிப்டிலின் பழைய வகை. தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கு அதைவிட நன்றாகக் கூடிய அளவு தேவை. ஆகவே கொப்பியில் இந்தப் பெயரைக் கண்டதும் “பைத்தியத்துக்கு மருந்து தந்துவிட்டார்கள்” என்று அஞ்ச வேண்டியதில்லை. வாய் உலரும், மலம் கட்டும், மறுநாள் காலை வரை மந்தமாக இருக்கும். குனிந்து நிமிரும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். ஈரமான கொழுந்து மலையில், முதுகில் கூடையோடு நிற்பவருக்கு இது விளையாட்டல்ல. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நிற்பது நல்லது. கசிப்போ சாராயமோ சேர்ந்தால் மயக்கம் பலமடங்காகும்.

மலையகத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது உடம்பு வலிக் குளிசையை. முதுகு வலி, முழங்கால் வலி என்று டைக்ளோஃபெனக், இபுபுரொஃபன் வாங்கிப் போடுவது சாதாரணம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செரட்டோனினை உள்ளே எடுப்பதும் அதே வாசல் வழியாகத்தான். புளூஒக்செட்டினோ செர்ட்ரலினோ அதை அடைக்க, வலிக் குளிசை வயிற்றுச் சுவரைப் புண்ணாக்க, இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்குப் பனடோல் பரவாயில்லை. ட்ரமடோல் என்ற வலி மருந்து வேறு வகைச் சிக்கல்: செரட்டோனின் அளவு மீறி ஏறலாம். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் கலந்த இருமல் பாணியும் அப்படியே. குளிரில் எல்லோருக்கும்தான் நடுங்கும். ஆனால் புது மருந்து சேர்ந்து ஒரு நாளுக்குள் வியர்வை, காய்ச்சல், பதற்றம், கால் தானாக வெட்டி வெட்டி இழுப்பது என்று வந்தால் அது குளிர் அல்ல. 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பிரஷருக்கு நீர்போகும் குளிசை எடுக்கும் வயதானவர்கள் மனச்சோர்வு மருந்தும் எடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். முதல் மாதத்தில் பாட்டி பேச்சுத் தடுமாறினாலோ தள்ளாடினாலோ “வயசாயிருச்சு” என்று விடாமல் இரத்தம் சோதிக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். இருப்புக்கொள்ளாமல் உலாவுவது ஓர் அறிகுறி. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கி, ஓயாமல் பேசினால் அதையும் குணமென்று எண்ணாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். லயக் காம்பிராவில் எல்லாப் பொருளும் ஒரே தட்டில்தான் இருக்கும். அமிட்ரிப்டிலின் மட்டும் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கட்டும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். குழந்தைக்கு ஆபத்தாகச் சில குளிசையே போதும்.

இனித் தேதிக் கணக்கு. மண் சரிந்து பாதை மூடியது, பஸ் வரவில்லை, கிளினிக் தவறிவிட்டது. செர்ட்ரலின் ஏறக்குறைய 26 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 5 நாளில் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும். அதனால் இரண்டு, மூன்று நாளிலேயே தலை கிறுகிறுக்கும், எரிச்சல் வரும், மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டும். புளூஒக்செட்டின் அப்படியல்ல. உடம்பில் அது மாறி உருவாகும் பொருள் பாதியாகவே ஒன்று, இரண்டு வாரம் எடுக்கும். ஒரு வாரத் தடங்கல் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே செர்ட்ரலின் எடுப்பவர் பத்துக் குளிசை மிச்சமிருக்கும்போதே அடுத்த கிளினிக்குக்கு வழி பார்க்க வேண்டும். தேதி தவறினால் கொப்பியை அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டலாம். ஒரு வேளைக் குளிசையை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வது வழக்கம். கர்ப்பம் தரித்தாலும் தானாக நிறுத்தாமல் முதலில் கேட்க வேண்டும். நிறுத்தும்போது அளவைப் பாதியாக்கினால் விளைவும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. வழக்கமான குறைந்த அளவிலேயே ஏறக்குறைய 80 வீத வாசல்கள் அடைபட்டிருக்கும். செர்ட்ரலின் 50 மில்லிகிராமை 25 ஆக்கினாலும் அதிகம் திறவாது. 25லிருந்து ஒன்றுமில்லாமல் போவதுதான் பெரிய பள்ளம். அந்தக் கடைசிப் படியைத்தான் இன்னும் சிறிதாக்கி, வாரக்கணக்கில் இறங்க வேண்டும். நிறுத்திய சில நாளில் கிறுகிறுப்போடு வந்து, குளிசையைத் திரும்பப் போட்டதும் ஓரிரு நாளில் மறைந்தால் அது மருந்தை நிறுத்தியதால் வந்த தொல்லை. பல வாரம் கழித்து, தூக்கமும் பசியும் ஆர்வமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், திரும்பி வருவது நோய்.