பாம்பு விஷமும் ரோசெல் தண்ணியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) பழைய தோட்டத்து அத்தை ஒருவர் கையில் சிவப்புப் பாட்டிலோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரோசெல் தண்ணி குடிச்சா பிரஷர் இறங்குமாமே, மாத்திரைய விட்டுடலாமா?"

விடக்கூடாது அத்தை. ஆனால் இறங்கும் என்பது பொய்யில்லை.

முதலில் ஒன்று. வேலியோரம் பூக்கும் செம்பருத்தி, அதாவது 1960-ல் நாட்டின் தேசிய மலரான புங்கா ராயா, வேறு செடி. ரோசெல் அதன் உறவு, நம் புளிச்சக்கீரை வகை. டீக்குப் போடுவது இதழை அல்ல. இதழ் உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புல்லிவட்டத்தை. அந்தச் சிவப்புதான் ஆந்தோசயனின் என்ற நிறமி. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலமாகும், பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

சரி, பிரஷர் எப்படி இறங்குகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று பத்து மணி கோத்த ஒரு சின்னச் சரம் ஓடுகிறது, ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். ஏசிஇ என்ற நொதி, நடுவில் ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டு, சரத்தின் வாலிலிருந்து இரண்டு மணியை நறுக்கிவிடும். மிச்சம் எட்டு மணிச் சரம் இரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும், பிரஷர் ஏறும். பிரேசில் நாட்டு ஜராரகா விரியனின் விஷத்தில் இருக்கும் சில புரதத் துணுக்குகள் அந்த நொதிக் கத்தரிக்கோலின் வாயில் போய் அடைத்துக்கொள்கின்றன. அதைப் பார்த்துச் செய்த மாத்திரைதான் கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (பாம்பு விஷ ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கே பிரஷர் ஏறுகிறது.) ரோசெல்லின் ஆந்தோசயனினும் அதே வாயில் இடம் பிடிக்கப் பார்ப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பிடி தளர்ச்சி, மாத்திரை அளவுக்கு இறுகாது.

2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருந்த 65 பேரில் ஒரு பகுதியினர் தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் இதைக் குடித்தார்கள். மேல் அளவு சராசரி 7 புள்ளி குறைந்தது. போலி பானம் குடித்தவர்களுக்கு ஒன்று சொச்சம். நல்ல செய்திதான், ஆனால் 170-ல் நிற்கிறவருக்கு 7 எந்த மூலைக்கு?

ஆபத்தும் இங்கேதான். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர் ரோசெல்லையும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரண்டும் சேர்ந்து பிரஷரை அளவுக்கு மீறி இறக்கலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது. மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயினை உடல் உறிஞ்சுவதையும் இது குறைக்கிறது. 'இயற்கைதானே, என்ன செய்யும்' என்பவர்களுக்கு: ஜராரகாவும் இயற்கைதான்.

அத்தை பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார், பெரிண்டோப்ரில். அடுத்த முறை கிளினிக் போகும்போது இந்தப் பாட்டிலைப் பற்றியும் சொல்லுங்கள் என்றேன். கூடவே இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மாத்திரையும் இருந்தது. பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதில் ரோசெல்லைவிட சீனிதான் அதிகம்.