வீட்டில் தைப்பவருக்கு வியாபாரப் பதிவு: ஜி.எஸ். (கிராம சேவகர்) வாசலுக்குப் போகும் முன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஓர் அக்கா தைக்கிறார். முன் அறை ஜன்னலோரம் ஒரு பழைய மெஷின், அதற்கு மேலே டியூப் லைட், சுவரில் வரிசையாக ஆணி அடித்து நூல்கட்டைகள். சாரி பிளவுஸ், ஜனவரி வந்தால் பள்ளிக்கூட யூனிபோர்ம். வீட்டில் தைப்பதற்கும் பதிவு வேண்டும் என்று யாரோ பயமுறுத்த, பதிவு எடுக்கப் போய் ஐந்து தடவை வெறுங்கையோடு திரும்பினார். ஐந்தாம் நாள் அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். அடையாள அட்டையின் போட்டோ கொப்பி மட்டும் ஒன்பது இருந்தது. என்னென்ன வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்ல ஓர் ஆள் இல்லை. "மஹத்தயா நே, ஹெட்ட என்ன" (ஐயா இல்லை, நாளைக்கு வாருங்கள்) என்று சிங்களத்தில்தான் ஒவ்வொரு நாளும். கடைசியில் வாசலில் நின்ற புரோக்கர் ஒருவரிடம் காசைக் கொடுத்தார். காசும் போனது, சான்றிதழும் வரவில்லை.

அவருக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

விதி சின்னது. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வருவது. உங்கள் சொந்த முழுப் பெயரில், வேறு சொல் எதுவும் சேர்க்காமல் தொழில் செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டாம். பெயரோடு 'டெய்லர்ஸ்', 'ஃபேஷன்' என்று ஒன்றைச் சேர்த்துப் பெயர்ப் பலகை போட்டாலோ பில் அடித்தாலோ பதிய வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தைத்து, காசைச் சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் போடுபவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கடை ஒன்றுக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கும்போதும், தொழிலைக் காட்டி வங்கிக் கடன் கேட்கும்போதும், கடைப் பெயரில் கணக்குத் திறக்கும்போதும்தான் சான்றிதழைக் கேட்பார்கள். அப்படி ஒன்று கையில் வந்த பிறகு அலையுங்கள்.

சரி, தேவை என்றே வைப்போம். பதிவு பிரதேச செயலகத்தில். கொழும்பு மாநகரத்துக்குள் இரண்டு செயலகங்கள் இருக்கின்றன: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் ஆட்கள் முதலாவதுக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை ஆட்கள் இரண்டாவதுக்கு. தெஹிவளை வேறு செயலகம். இதைத் தெரியாமல் வெயிலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றுவிட்டு, "இங்கே இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

இனிச் சிக்கல்களுக்கு வருவோம். தைக்கத் தெரியுமா, மெஷின் இருக்கிறதா என்று உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. எல்லாமே வீட்டு முகவரியில்தான் சிக்கும்.

முதல் சிக்கல், நீங்கள் அந்த முகவரியில் இருப்பவர் என்று காட்டும் ஜி.எஸ். அறிக்கை. ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து பன்னிரண்டு வருடமாகக் கொழும்பில் இருப்பார்கள், அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியே இருக்கும். வாக்காளர் இடாப்பிலும் பெயர் ஊரில்தான். "நீங்கள் இந்தப் பிரிவு ஆள் இல்லை" என்று கதை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பதிவுக்குப் போகும் முன்பே, ஆண்டுதோறும் இடாப்பைத் திருத்தும் காலத்தில் இப்போது இருக்கும் வீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நாம் கேட்டால்தான் எழுதுவார்கள்.

இரண்டாவது, வீட்டுக்காரரின் கடிதம். சொந்த வீடென்றால் வீட்டு உறுதிப் பத்திரம், மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டு. வாடகை வீடென்றால் ஒப்பந்தமும் சம்மதக் கடிதமும். இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போட்ட தாளைக் கவுண்டரில் தள்ளிவிடுவார்கள். சம்மதக் கடிதம் கேட்டாலோ வீட்டுக்காரர் பயப்படுகிறார். வீட்டுக்கு ஒரு வரி வீதம், வியாபார இடத்துக்கு இன்னொரு வீதம் என்பதால் அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. அதனால் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்: 'குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையில் ஒரு தையல் மெஷின் வைத்துத் தைப்பதற்கு, பெயர்ப் பலகை இல்லாமல்.' ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்தேன், அதுவரை மறுத்த வீட்டுக்காரர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரசாங்க மாடி வீட்டில் இருப்பவர்கள் அங்குள்ள முகாமைத்துவ அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வரிப் பற்றுச்சீட்டில் இருக்கும் வீட்டு இலக்கமும் மின்சார பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் 112/7, மற்றதில் 112/7ஏ என்றிருந்ததற்கே ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அலுவலகத்தில் பேசும்போது மூன்றை மறக்காதீர்கள். ஒன்று, தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. சிங்களப் போமைக் கொடுத்து "இதை நிரப்பு" என்றால் தமிழ்ப் போமைக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். இரண்டு, கட்டணத்தைக் கவுண்டரில் மட்டும் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூன்று, "முடியாது" என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், என்னென்ன ஆவணம் வேண்டும், என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தாளை நீட்டியதும் தொலைந்துபோன ஃபைல் மேசைக்கு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

டின் (வரி செலுத்துபவரின் அடையாள) இலக்கம் என்றதும் பின்வாங்குகிறவர்கள் உண்டு. டின் எடுத்ததாலேயே வரி கட்ட வேண்டும் என்றில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்குத் தனிநபர் வருமான வரி கிடையாது.

பதிவுக்கு வெளியே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் தைப்பவரின் லாபத்தைத் தின்பது அதுதான். வீட்டு மின்சாரத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. அதற்காக மெஷினைத் திட்டாதீர்கள். 100 வாட் மோட்டார் பத்து மணித்தியாலம் ஓடினால்தான் ஒரு யூனிட். 1000 வாட் அயர்ன் ஒரு மணித்தியாலத்திலேயே அதைத் தின்றுவிடும். தைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே தடவையாக அயர்ன் பண்ணுங்கள். பழைய ஜூக்கி தையல் மெஷின் வாங்குவதென்றால், கால் எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டார் வேண்டாம். கால் அழுத்தும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் பூட்டியதாகப் பாருங்கள்.

அப்புறம், வீடு மாறினால் புது முகவரியை அதே செயலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொழிலை விட்டாலும் அப்படியே. அந்த அக்கா இரண்டு தெரு தள்ளி வீடு மாறப்போகிறார். பதிவு இல்லாததால் அவருக்கு அந்த வேலை இல்லை, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் போதும்.