களியக்காவிளை தாண்டினால் வேறு கணக்கு: தபாலில் பொருள் அனுப்பி விற்பவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா, பதினான்கு சின்னக் கவர்களோடு அஞ்சலகத்துக்குப் போனார். எல்லாம் டெம்பிள் ஜுவல்லரி என்கிற கோயில் நகை. நாகர்கோவில் வடசேரியில் வாங்கி, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர். ஒரு கவர்கூட 200 கிராமைத் தாண்டாது. குரூப்பில் வந்த கட்டணப் பட்டியலில் சென்னைக்கு 68 ரூபாய் என்று இருந்ததால், தபால் செலவுக்கென்று ஆளுக்கு 70 ரூபாய் வாங்கியிருந்தார். கவுண்டரில் இருந்தவர் ஒரு கவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது டாக்குமெண்ட் இல்ல, பார்சல்" என்றார். அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. பதினான்குக்கும் கைக்காசைப் போட்டுவிட்டு வந்து, "ஏமாத்திட்டாங்க மக்ளே" என்றார்.

பட்டியலும் சரியானதுதான், கவுண்டர்காரர் சொன்னதும் சரிதான். அதுதான் எரிச்சல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வரியை அவருக்குச் சொல்ல யாருமில்லை. அந்த மாதிரி வரிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக: ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 2012க்குப் பிறகு 2025 அக்டோபர் 1 அன்று மாறியது. பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டது. பெறுபவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டுமே கொடுக்கும் அந்தப் பழைய பதிவு இப்போது வேண்டுமென்றால் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதிக்கும் அதே 5 ரூபாய். விலை கூடின பொருளுக்கு இந்த 5 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். "வரவே இல்லை" என்று வாங்கினவர் சொல்லும்போது கையில் காட்ட இருப்பது இதுதான்.

சரி, அக்காவின் கதைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பட்டியல், 51 முதல் 250 கிராம் வரை 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், 501 முதல் 1000 கிலோமீட்டருக்கு 68 ரூபாய் என்று போகுமே, அது ஸ்பீடு போஸ்ட் டாக்குமெண்டுக்கானது. காகிதத்துக்கு. கவரில் போட்டு ஒட்டிவிட்டால் நகை டாக்குமெண்ட் ஆகிவிடாது. பார்சலுக்குத் தனிப் பட்டியல் உண்டு. போன தடவை வேறொரு அஞ்சலகத்தில் கவரை டாக்குமெண்டாகவே எடுத்துக்கொண்டார்களே என்று கேட்டால், எடுத்திருப்பார்கள். கவுண்டருக்குக் கவுண்டர் கண் வேறு. அதை நம்பி விலை போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

அப்புறம், அந்தப் பட்டியலில் இருப்பது ஜிஎஸ்டி சேராத தொகை. 68 என்றால் கையில் 80 ரூபாய் 24 பைசா. அதாவது டாக்குமெண்டாகவே போயிருந்தாலும் அக்காவுக்குக் கவருக்குப் பத்து ரூபாய் நஷ்டம்தான். அஞ்சல் துறையின் இணையதளத்தில் கட்டணம் பார்க்கும்போது பார்சல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், வரி சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள், அதற்குப் பிறகு வாடிக்கையாளரிடம் தொகை சொல்லுங்கள்.

எடையிலும் இதே மாதிரி ஒரு குழி. வீட்டுத் தராசில் கருப்பட்டி 480 கிராம். அட்டைப்பெட்டி, உள்ளே அடைத்த காகிதம், சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப் எல்லாம் சேர்ந்து கவுண்டரில் 512. பன்னிரண்டு கிராமுக்காக அடுத்த படிக்கான கட்டணம். ஒட்டி முடித்த பெட்டியைத்தான் நிறுக்க வேண்டும். அரைக் கிலோ பாக்கெட் விற்பவர்கள் பாக்கெட்டையே 400 கிராமாக்கிவிடுவது உத்தமம்.

கூரியரும் ஷிப்பிங் ஆப்பும் பயன்படுத்துபவர்களுக்கு வேறு தலைவலி. அங்கே பெட்டியின் இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். நம்மூர் நேந்திரங்காய் சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ சிப்ஸ் நொறுங்காமல் இருக்க 30க்கு 25க்கு 15 பெட்டியில் வைத்தால் 11,250. வகுத்தால் 2.25. அரைக் கிலோ பொருளுக்கு இரண்டே கால் கிலோ கட்டணம்! பார்சலை எடுத்துப் போகும்போது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாலு நாள் கழித்து, ஆப்பில் நீங்கள் போட்டு வைத்த வாலட்டில் பணம் கழிந்திருக்கும். ஆட்சேபிக்க ஒரு சில நாள்தான் அவகாசம், அதுவும் தராசின் மேலும் அளவு டேப் பக்கத்திலும் பெட்டியை வைத்து எடுத்த படம் இருந்தால்தான் எடுபடும். எனவே ஒட்டியதும் படம் எடுங்கள். பெட்டியைச் சிறியதாக்க முடிந்தால் அதைவிட நல்லது.

மார்த்தாண்டம் தேன் விற்பவர்கள் கவுண்டரில் "உள்ளே என்ன?" என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். மறைக்க வேண்டாம். கண்ணாடி பாட்டிலை விடுங்கள். சீல் வைத்த பிளாஸ்டிக் பாட்டில், அதன் மேல் ஒட்டிய உறை, சுற்றிக் கசிவை உறிஞ்சும் பொருள், அதன் பிறகு கெட்டியான பெட்டி. இப்படிக் கட்டியிருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒழுகி அடுத்தவர் பார்சலை நனைத்த ஒரு பாட்டிலுக்காக நம் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இனி நம் குமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கல். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். சென்னை எழுநூறு. தபால் கட்டணத்தில் திருவனந்தபுரம்தான் மலிவு. அதனால் நம் ஆட்கள் அந்தப் பக்கம் ஆர்டர் பிடிக்கிறார்கள், நியாயம்தானே. ஆனால் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் பாறசாலைக்கு ஒரு பாட்டில் தேன் விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனை. "வருஷம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி வேண்டாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் விற்பனைக்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டிய தேனுக்கு 5 சதவீதம் வரி உண்டு, ஆகவே மாட்டிக்கொள்ளும். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை, புத்தகம் மட்டும் விற்பவருக்கு இந்தத் தொல்லையும் இல்லை. மட்டி வாழைப்பழத்துக்கும் வரி இல்லை, ஆனால் அதைத் தபாலில் அனுப்ப முயன்றவர் யாரும் இரண்டாவது தடவை முயன்றதில்லை.

கைவினைப் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள, பெரும்பாலும் கையால் செய்த பொருளென்றால், 20 லட்சம் வரை பதிவில்லாமலே வெளி மாநிலத்துக்கு விற்கலாம். பான் கார்டு வேண்டும். ஆனால் வாங்கி விற்கும் நம் அக்கா போன்றவர்கள் இந்த விலக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. "நீங்களே செய்கிறீர்களா?" என்ற கேள்வி வரும்.

ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்கள், 2023 அக்டோபரிலிருந்து பதிவில்லாமலும் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு சேர்க்கை எண்ணை (என்ரோல்மென்ட் நம்பர்) வாங்கி விற்க முடியும். அதுவும் தமிழ்நாட்டுக்குள் மட்டும். கேரளப் பின்கோடு வந்தால் ஆர்டரை எடுக்காதீர்கள்.

பதிவு செய்யப் போகிறவருக்கு முதல் பொறியை வைப்பது அலுவலகம் இல்லை, நம்முடைய ஏஜென்ட்தான். தேன் விற்கும் ஒரு தம்பிக்கு "ஒரு சதவீதம் கட்டினாப் போதும்" என்று விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு போட்டுக் கொடுத்துவிட்டார் ஒருவர். காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. தம்பி பதிவு எடுத்ததே கேரளத்துக்கு விற்க! விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள், ஏஜென்ட் கேட்பது அவருடைய கூலி.

அதே தம்பிக்கு வீடு அம்மா பெயரில். விண்ணப்பம் திரும்பி வந்தது. அம்மாவுக்கும் மகனுக்கும் இடையே வாடகை ஒப்பந்தம் வேண்டுமாம். ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போட்டுக் கொடுத்தார், அடுத்து வேறொரு தாள் கேட்டார்கள். இதையெல்லாம் தடுக்கத்தான் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று அறிவுறுத்தல் எண் 3ஐ வெளியிட்டது. உறவினர் பெயரில் இடம் இருந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சம்மதக் கடிதம், சம்மதிப்பவரின் அடையாளச் சான்று, வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது போல உரிமையைக் காட்டும் ஏதாவது ஒன்று. அவ்வளவுதான். பட்டியலில் இல்லாததைக் கேட்கக் கூடாது, இந்த இடத்தில் இந்தத் தொழில் எப்படி நடக்கும் என்பது போன்ற ஊகக் கேள்வியும் கூடாது என்று அதில் இருக்கிறது. இது மத்திய அதிகாரிகளுக்கானது. உங்கள் விண்ணப்பம் மாநில வணிகவரி அதிகாரியிடம் போனால் அவர் இதற்குக் கட்டுப்பட்டவர் இல்லைதான், ஆனாலும் பதிலில் இதைக் குறிப்பிடுவதில் தவறில்லை. வாயால் வாதாடாதீர்கள், எழுத்தில் போடுங்கள்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான். அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வராது. மின்னஞ்சலுக்கும் போர்ட்டலுக்கும்தான் வரும். விண்ணப்பத்தில் ஏஜென்ட்டின் மின்னஞ்சலும் மொபைலும் இருந்தால் அவர் ஊருக்குப் போன வாரத்தில் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிடும். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதிவு கிடைத்த பிறகு வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன், அதாவது கணக்குத் தாக்கல், உண்டு. பூஜ்ய ரிட்டர்னைத் தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் ஏறும், விற்பனை இருந்தால் நாளுக்கு 50. தொழிலை நிறுத்தினால் பதிவையும் ரத்து செய்யுங்கள். கடையை மூடிவிட்டோம், அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆறுதல்: தபாலில் போகும் பார்சலுக்கு, சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவையில்லை.

புத்தகம் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. 2024 டிசம்பரில் பதிவு அஞ்சலில் புத்தகம் அனுப்பும் மலிவுக் கட்டணத்தை ஒரு நாளில் நிறுத்தினார்கள். சிறு பதிப்பாளர்கள் சத்தம் போட்ட பிறகு, 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், பொறுமை வேண்டும். உறையின் மேல் ஞான் போஸ்ட் என்று எழுத வேண்டும், புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். உள்ளே "அன்புள்ள வாசகருக்கு" என்று ஒரு துண்டுச்சீட்டு, அடுத்த புத்தகத்துக்கான தள்ளுபடி நோட்டீஸ், இவை எதுவும் வேண்டாம். கடிதமும் விளம்பரமும் சேர்ந்தால் சலுகை போய்விடும். மாத இதழுக்கும் இது கிடையாது. கவுண்டரில் "அப்படி ஒண்ணு இல்லியே" என்றால், பட்டியலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், இருக்கிறது.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் 2025 ஆகஸ்டில் பட்டது போதும். 25ஆம் தேதி முதல் அஞ்சலகத்தில் பார்சல் புக்கிங் நின்றது, அக்டோபர் 15இல் மறுபடி தொடங்கியது. ஆனால் சுங்க வரியை அனுப்புபவரே முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற நிலையில். விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு என்ன விகிதம் என்று கேட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் விலை சொல்லுங்கள், போன மாத ரசீதை வைத்துச் சொல்லாதீர்கள். விற்ற பொருளுக்கு "கிஃப்ட்" என்று எழுதச் சொல்லும் புத்திசாலிகள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணை ஒரு தடவை 500 ரூபாய் கட்டி வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், அந்த எண்ணைக் கொடுத்த டிஜிஎஃப்டி தளத்துக்குள் போய் உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எண் செயலிழக்கும், அது உங்களுக்குத் தெரிவது பார்சல் நிற்கும்போதுதான்.

கடைசியாக, பார்சல் காணாமல் போனால். 1800 266 6868 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். கவுண்டரில் "ரெண்டு நாள் பாருங்க" என்று சொல்வதைக் கேட்டு ஒரு மாதம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் போடுங்கள், அங்கே போட்ட பிறகு வரும் தொலைபேசி அழைப்பின் குரலே வேறு மாதிரி இருக்கும். இன்ஷூர் செய்யாத பார்சல் தொலைந்தால் பொருளின் முழு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விலை கூடின நகையை இன்ஷூர் செய்தே அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். கவுண்டரை விட்டு நகரும் முன் பின்கோடு, எடை, டாக்குமெண்டா பார்சலா என்ற மூன்றையும் ரசீதில் வாசித்துவிடுங்கள். குமரியின் 629க்குப் பதில் திருவனந்தபுரத்தின் 695 விழுந்திருந்தால் அங்கேயே திருத்தலாம், வீட்டுக்கு வந்த பிறகு முடியாது. அந்த ரசீதை அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. அக்கா பணப்பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்திருந்த பதினான்கு ரசீதுகளில் இன்றைக்கு எழுத்துத் தெரிவது நாலில்தான்.