கல்லூரிச் செலவுக்கு அரசு உதவி: யாருக்கு எது கிடைக்கும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: "மார்க் கம்மி, நமக்கு யார் உதவித்தொகை தரப்போறாங்க?" இப்படி நினைத்தே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் மார்க் பார்ப்பதில்லை. ஜாதி, வருமானமும் பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதுதான் கணக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் என்றால் கிடையாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது.

சேரும் கல்லூரி அரசுக் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓட்டேரி முத்துரங்கம் கல்லூரியானாலும் காட்பாடியில் ஒரு தனியார் கல்லூரியானாலும் சரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆனாலும் சரி. அஞ்சல் வழிப் படிப்புக்கு மட்டும் இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் நிற்காது.

அப்புறம் அரசின் நலத்துறைகள் தரும் உதவித்தொகைகள். பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருட இளங்கலை படித்தால் வருமான வரம்பே இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் மத்திய அரசு வைத்த வரம்பு அதே 2.50 லட்சம்தான். விண்ணப்பம் கல்லூரி வழியாக, கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யுமிஸ் (UMIS) இணையதளத்தில் போகும்.

முதல் பட்டதாரி சலுகை வேறு வகை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் டிகிரி முடிக்காத வீட்டில், கவுன்சலிங் மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸில் சலுகை. வருமான வரம்பு கிடையாது. ஹாஸ்டல், பஸ் கட்டணம் இதில் வராது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை என்பதை முன்பே பேசி முடிவெடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். மடியில் முறத்தை வைத்து, பீடி இலையை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி நூல் கட்டும் அம்மாக்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். ஆறு மாதமாவது அந்த வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை படிப்புக்கு உதவுகிறது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. குடும்ப வருமானம் மாதம் 10,000-க்குள் இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.

பேப்பர்களில் ஜாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றையும் இ-சேவை மையத்தில் போடலாம். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கவுன்சலிங் நெருங்கும்போது ஓடினால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர நாளாகும். மே மாதமே போட்டுவிடுங்கள். ஆதாரில் 'எஸ். கவிதா', மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்.', பாஸ்புக்கில் அப்பா பெயரும் சேர்த்து நீளமாக. இப்படி மூன்று விதமாக இருந்தால் அதையும் அப்போதே சரி செய்யுங்கள்.

கடைசியாக வங்கி. பாஸ்புக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஆதாரோடு அந்தக் கணக்கை இணைப்பது வேறு. "இணைப்பு ஆச்சா?" என்று கவுண்டரில் பிள்ளையே கேட்டுப் பார்க்கட்டும். எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையென்றால் முதலில் கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலர், அங்கே தீராவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மனுவில் யுமிஸ் எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.